மத்தி வாங்கியவர்

என் கணவர் ஷெயால்தியேலுக்கு மீன் பிடிக்காது.
கஸ்தெல்லோ ஊரில் இது எனக்கு மட்டும் தெரியும்.
ஆனாலும் அந்த வருடம்
ஓய்வுநாளும் பண்டிகையும் போக
எல்லா நாளும் மத்தி வாங்கி வந்தார்.

பார்சிலோனாவிலிருந்து அவருக்குக் கடிதம் வரும்.
ஃபெஸ் நகரத்திலிருந்தும் வரும், பிரித்தால் மணல் உதிரும்.
பிறை எந்த மாலையில் தெரியும்,
நுரையீரலில் தழும்புள்ள ஆட்டைத் தின்னலாமா,
செத்தவன் கொடுத்த வாக்கு மகனைக் கட்டுமா?
எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவார்
அவுரி ஏறிய விரல்களால்.
பகலில் சாயத்தொட்டி, இரவில் தல்மூத்.
தாள்களின் ஓரமெல்லாம் நீலக் கட்டைவிரல்.
(என் தலையணையிலும் பதிந்ததுண்டு.)

ஒரு கேள்வி மட்டும் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது.
அவள் பெயர் அஸ்த்ருகா, நல்ல நட்சத்திரம் என்று பொருள்.
கடலுக்குப் போன கணவன் பெயர் விவெஸ்,
வாழ்வாய் என்று பொருள்.
எங்கள் ஊரில் பெயர்கள் அப்படித்தான்.

எட்டு வருடம்.
மயோர்க்கா போன படகு திரும்பவில்லை.
மனைவியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை.
கரை தெரியாத நீரில் தொலைந்தவன்
செத்தான் என்று ஒரு வாயாவது சொல்லாமல்
அவன் மனைவியை அவிழ்த்துவிடச் சட்டம் இல்லை.
"ரபி, எனக்கு முப்பது வயது" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது.

ரோசஸ் துறையில் கெராவ் என்றொரு மீனவன்
க்ரெயுஸ் முனையில் யாரையோ புதைத்தான் என்று
ஊருக்குள் ஒரு புகைச்சல்.
வேற்று மதத்தான் சொல்லும் சாட்சியம் ஏற்கப்படும்,
பேச்சுவாக்கில் தானாக உதிர்ந்தால்.
கேட்டு வாங்கினால் செல்லாது.

ஆக, கேட்கக் கூடாது.
ஜாடை காட்டக் கூடாது. வாயைக் கிளறக் கூடாது.
"சாப்பிட்டீர்களா" என்றால்
"எதை வைத்து அப்படிக் கேட்கிறாய்" என்பவர்
ஒரு கேள்வியை நாக்கடியில் வைத்துக்கொண்டு
தராசின் முன் போய் நின்றார்.

கெராவ் விலாங்கைத் தூக்கிக் காட்டுவான்:
"இன்றாவது, ரபி?"
செதிலில்லாததை நாங்கள் தொடோம் என்று தெரிந்தேதான்.
இருவரும் சிரிப்பார்கள். அரை ராத்தல் மத்தி.
உப்பு விலை பேசுவார்கள், அவன் மகளின் பல்வலி பேசுவார்கள்.
இவர் கிராம்பு கொண்டுபோய்க் கொடுத்தார்.
நட்பு நிஜமாகிவிட்டது;
அதுதான் அவரை ராத்திரியில் எழுப்பியது.

நான் பொரித்தேன், வினிகரில் ஊறவைத்தேன், உப்பிட்டேன்,
கடைசியில் பூனைகளுக்குப் போட்டேன்.
இரண்டு தெருப் பூனைகள் எங்கள் வாசலுக்குக் குடிவந்தன.
எதிர்ப்படும்போது அஸ்த்ருகா கூடையைப் பார்ப்பாள்,
அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

பிறகு த்ராமுந்தானா வீசிய ஒரு காலை.
படகுகளெல்லாம் கரையில். கெராவ் வலை தைத்தபடி,
யாரும் கேட்காமல்:
"இப்படியொரு காற்றில்தான் உங்கள் ஆள் ஒருவன் ஒதுங்கினான், ரபி.
சட்டைக்குள் உங்கள் குஞ்சம்.
இடதுகையில் சுண்டுவிரல் இல்லை.
புதைத்தேன். சிலுவை நடவில்லை,
உங்களுக்குப் பிடிக்காதே என்று."

பீப்பாய் வளையம் வெட்டிய விரல் அது. ஊருக்கே தெரியும்.
அன்று வெறுங்கூடையோடு வந்தார்.
மீன் காசு உள்ளங்கையிலேயே இருந்தது.
அங்கியைக் கூடக் கழற்றாமல், நின்றபடி, எழுதினார்.

செய்தி முப்பது நாளுக்குமேல் பழசானால்
துக்கம் ஒரு மணி நேரம்தான். அதுவும் சட்டம்.
அஸ்த்ருகா செருப்பைக் கழற்றிவிட்டு
என் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள்.
அடுப்பிலிருந்த வெயில் வாசலுக்கு நகர்ந்தது,
வாசலைத் தாண்டியும் போயிற்று.
அடுத்த அறையில் அவரிடம் போய்
"நேரமாகிவிட்டதா?" என்றேன்.
பிறை தோன்றும் கணத்தைக் கணக்கிட்டுச் சொல்பவர்
தாளிலிருந்து தலையைத் தூக்காமல்
"எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தோல்சா" என்றார்.

மறுநாள் மீண்டும் கூடையை எடுத்தார்.
"இனி எதற்கு?"
"அந்த மணல் எந்த இடத்தில் என்று கேட்கவேண்டும்.
இப்போது கேட்கலாம்."
பூனைகள் அவர் பின்னாலேயே போயின.